நிழல் வரி

கவுண்டரை மூடிக் கல்லாவை எண்ணி
நாற்பது ரூபாய் எதற்கு உதைக்கிறதென்று
திரும்பவும் எண்ணி முடிக்கும்போது
ஐந்தேகால்.

அதற்குள் சமயநல்லூர் செக்‌ஷன் ஸ்டோரில்
கம்பிச் சுருள்களை ஓரம் உருட்டிவிட்டு
அரண்மனை கட்டியிருப்பார்கள்.
இன்சுலேட்டர் பெட்டி சிம்மாசனம்.
எரிந்துபோன மீட்டர்கள் அடுக்கிய மேசை
மந்திராலோசனை மண்டபம்.

நாடகம் நான் எழுதியதுதான்.
நிழலுக்கு வரி போடுகிறான் ஒரு ராஜா.
கட்ட முடியாமல்
ஊரே சேர்ந்து மரங்களை வெட்டிவிடுகிறது.
இவ்வளவுதான் கதை.
இதற்கு நாற்பத்தோரு நாள் ஒத்திகை.
மாலை போட்டிருந்தால்
மலைக்கே போய் வந்திருக்கலாம்.

ராஜா, வயர்மேன் குபேந்திரன்.
முனிச்சாலையிலிருந்து வருகிறவர், நல்ல குரல்.
கோபக் காட்சியில் மட்டும்
வசனம் பாதியில் சௌராஷ்டிரத்துக்குப் போய்விடும்.
ராணி, தட்டச்சர் ஜோதிமுத்து.
ராஜாவுக்கும் ராணிக்கும் மூன்றடி இருக்கட்டுமென்று
வீட்டுக்காரர் சொல்லியனுப்ப
சாக்பீஸால் கோடு கிழித்தேன்.
காதல் காட்சி முழுக்க இரண்டு பேரும்
குனிந்து கோட்டையே பார்க்கிறார்கள்.
நாணம் என்று வைத்துக்கொண்டேன்.

மந்திரி சிக்கந்தர் பாவாவுக்கு எல்லா வசனமும் தெரியும்.
எல்லாருடைய வசனமும்.
அவரவர் வாய் திறக்குமுன்
அவர் உதடு பேசி முடித்திருக்கும்.

ஏ.ஈ. சார் ஒரு நாள் வந்து பார்த்தார்.
"இந்த ராஜா, நம்ம வாரியத்தையா சொல்றீங்க?"
இல்லை சார், சரித்திரம் என்றேன்.
"அப்ப சரி. நல்ல ராஜா ஒருத்தரையும் சேர்த்துக்குங்க."

ஆனாலும் என்னைத் தோற்கடித்தது
ஹெல்பர் ஒச்சப்பன்தான்.
கடைசிக் காட்சியில் ஒரே ஒரு வரி அவனுக்கு:
"மன்னா, ஊரில் இனி மரமில்லை."
அதைக் கம்பத்து உச்சியிலிருந்து
கீழே நிற்பவனுக்குச் சொல்வதுபோல் கத்துவான்.
மெதுவாப்பா என்பேன்.
இன்னும் கத்துவான்.
சாவுச் செய்தி மாதிரி சொல்லு என்றேன்.
"எங்க வேலையில மெதுவாச் சொன்னாத்தாங்க்கா சாவு" என்றான்.
அதற்கு மேல் நான் என்னத்தைச் சொல்ல.

வாடிப்பட்டியில் மண்டபம், சனிக்கிழமை.
தாடி மூன்று, கிரீடம் ஒன்று, வாடகை எண்ணூறு,
மேலமாசி வீதிக் கடைக்கு முன்பணம் என் பையிலிருந்து.
முதல் காட்சி எப்படியோ போனது.
கோடு போட மறந்ததில்
ராஜாவும் ராணியும் ஆறடி தள்ளியே நின்றார்கள்.
வெட்டுப்பட வேண்டிய மரம் ஒன்று தும்மியது.
கடைசிக் காட்சிக்குத் திரை விலக
கரண்ட் போனது.

மின்வாரிய நாடகத்தில் கரண்ட் போனால்
என்ன சிரிப்புச் சிரிப்பார்கள் என்று
மேடை இருட்டில் நின்று கேட்டவளுக்குத்தான் தெரியும்.
அது அடங்குமுன்
தொபுக்கென்று கீழே குதித்தது அரசவை.
தெருமுனை டிரான்ஸ்பார்மரில், டார்ச் வெளிச்சத்தில்,
கிரீடத்தோடு ராஜா.
பியூஸ் கம்பியை நீட்டியபடி மந்திரி.
வேட்டியை மடித்துக் கட்டிய மரங்கள் இரண்டு.
பாதிக் கூட்டம் அங்கே ஓடியது.
அன்றைக்கு விழுந்த முதல் கைத்தட்டல் அதுதான்.

மேடையில் நான்.
எதிரே மிச்சக் கூட்டம்
அழைப்பிதழால் விசிறிக்கொள்ளும் சத்தம்.
அப்போது என் பக்கத்தில்
யாருக்கென்றும் இல்லாமல்,
பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல்,
ஒச்சப்பன்:
"மன்னா… ஊர்ல இனி மரம் இல்ல."

விசிறல் நின்றது.
முன்வரிசையில் ஒரு குழந்தை "ஏம்மா?" என்றது.

வெளிச்சம் வந்தது, அதற்கும் கைத்தட்டல்.
கன்னத்தில் கிரீஸோடு ஏறிவந்த ராஜா
"எங்க விட்டோம்?" என்று
மைக் முன்னால் நின்றே என்னைக் கேட்டார்.
காட்சியை மறுபடி தொடங்கினோம்.
ஒச்சப்பன் ஓடிவந்தான்,
நெஞ்சு நிறைய மூச்சிழுத்தான்,
வாடிப்பட்டி முழுக்கக் கேட்கக் கத்தினான்.

திங்கட்கிழமை கல்லா சரியாக இருந்தது.
தாடி ஒன்றைத்தான் காணோம்.
கடைக்காரர் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார்.